மிஷின் ஓடும்போது வாசலில் நிற்பவர்

மதுரையில் மிக்ஸியைப் போடுவதற்கு முன் பலர் கதவைச் சாத்துகிறார்கள். சத்தம் தெருவுக்குப் போகக் கூடாது என்பது அவர்களுடைய கவலை. திருநகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் இது தலைகீழ். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மனைவி யோகம், கேக் மிஷினின் பொத்தானில் கை வைத்தபடி சமையலறையில் காத்திருப்பாள். நான் முன்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு கேட்டுக்குப் போய், தெருவின் இரண்டு முனைகளையும் பார்த்து, கையை உயர்த்துவேன். பிறகுதான் மிஷின் ஓடும். வெண்ணெயும் சீனியும் சேர்ந்து வெளுத்து வரப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை நான் கேட்டை விட்டு அசைவதில்லை. கடல் தாண்டி வந்து இந்த ஊரில் தங்கியிருக்கும் நம்மவர்களின் வேறு வீடுகளிலும் இப்படி ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும். ஒருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

மிஷின் வாங்கப் போன அன்று யோகம் கைப்பையில் ஒரு துடுப்பை எடுத்து வந்தாள். மரத் துடுப்பல்ல, உள்ளங்கை அகலத்தில், அரசிலை வடிவத்தில் வார்த்த அலுமினியத் துடுப்பு. கொழும்பில் எங்களிடம் இருந்த கேக் மிஷினில் மாவைச் சுற்றிச் சுற்றிக் கலக்கியது அதுதான். மிஷின் அங்கே தங்கிவிட்டது. துடுப்பு மட்டும் கப்பலேறி வந்தது. அது பொருந்தும் மிஷின் கிடைத்தால் நல்லது என்றாள்.

டவுன்ஹால் ரோட்டில் முதல் கடைக்காரர் மிக்ஸியைக் காட்டினார். அதன் பிளேடு வெண்ணெயை வெட்டும், அடிக்காது. மதுரை வெயிலில் வெளுப்பதற்கு முன்பே உருக்கியும் விடும். இரண்டாவது கடையில் கையால் பிடித்து அடிக்கும் சின்ன மிஷின் இருந்தது. “ரெண்டு கையும் இதிலை மாட்டுப்படும்” என்று யோகம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது, வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒரு பாயின் கடை. மேசையில் நிற்கும் மிஷின் ஒன்று அங்கே இருந்தது: கனமான அடிப்பாகம், பின்னால் சாயும் தலை, எவர்சில்வர்க் கிண்ணம், மூன்று வேகம். சதுர முனை பிளக்கை வெட்டி, வட்ட முனை பிளக் போட்டு வைத்திருந்தார். எங்கள் துடுப்பு அதன் தலையில் ஏறவில்லை. தண்டு அரை விரல் தடிப்பாக இருந்தது.

“சிங்கப்பூர் சாமான்மா. தூக்கிப் பாருங்க. இம்புட்டுக் கனம் இருந்தாத்தான் மேசையில நடக்காம நிக்கும்” என்றார் பாய். “ஒண்ணே ஒண்ணு, சாயங்காலத்துல போடாதீங்க. வோல்டேஜ் கம்மியா இருக்கும், மோட்டார் கருகிரும்.”

“ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ” என்று சொல்லிவிட்டு யோகம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். நான் படியிறங்கித் தெருவுக்குப் போய், பதினைந்து அடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் அவள் பெயரைச் சொன்னேன். முதல் வேகத்தில் என் குரல் கேட்டதும் கையை உயர்த்தினாள். இரண்டாவதிலும் உயர்த்தினாள். மூன்றாவதில் அவள் கை எழவில்லை.

“மூண்டாவது வேண்டாம். ரெண்டு காணும்” என்றாள்.

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “புருசன் கூப்புட்டாக் கேக்காத மிசினாப் பாத்துத்தான் எல்லாரும் வாங்கிட்டுப் போறாக. நீங்க என்னம்மா உல்டாவா இருக்கீக!” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

காரணம் இதுதான். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும், ஒழுங்கை என்று நாங்கள் சொல்லும் சந்தில், யோகம் கேக் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் பத்திரிகைக்கான செய்தி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். மிஷின் மூன்றாவது வேகத்தில் ஓடியது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமா பின்கதவால் ஓடி வந்து, “நவத்தன்ன, நவத்தன்ன” என்று கத்தியபடி பிளக்கைப் பிடுங்கினார். நிறுத்து, நிறுத்து. மோட்டார் அடங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் கேட்டது. கண்ணாடி உடையும் சத்தம், பலர் சேர்ந்து கத்தும் சத்தம், ஓடு வெடிக்கும் சத்தம். ஒழுங்கையின் மேல் முனையில் மூன்று தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. கூட்டம் ஒவ்வொரு கேட்டாக நின்று நின்று வந்தது. ஒரு வீடு எரியத் தொடங்கி மூன்றாவது வீடு எரியும்வரை எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரமும் எங்கள் காதில் விழுந்தது மிஷின் மட்டும்தான்.

சோமா எங்களைத் தன் வீட்டுச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினார். பலகை இடுக்கு வழியாக அவருடைய முதுகைப் பார்த்தேன். தன் கேட்டில் கையூன்றி நின்றபடி, “மெஹே கவுருத் நே” என்றார். இங்கே ஒருவரும் இல்லை. மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை குரல் கொஞ்சம் உடைந்தது. கூட்டம் எங்கள் வீட்டுக்கும் நெருப்பு வைத்துவிட்டுப் போன பிறகு பார்த்தால், யோகத்தின் கையில் மா ஒட்டிய துடுப்பு இருந்தது. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மதுரையில் வீடு கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. கோச்சடையில் ஒரு வீட்டுக்காரர் முன்பணம் வரை பேசிவிட்டு, நாங்கள் சிலோன்காரர்கள் என்றதும் தம்பி குடிவரப் போவதாகச் சொன்னார். திருநகரில் பாண்டியம்மாள்தான் கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்தார். மேலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் நெல் வியாபாரம் செய்கிறார். ஒரே மதிலுக்குள் முன்பகுதியில் நாங்கள், பக்கப் பகுதியில் அவர்கள். “எதையும் மறைக்காம இருந்தாப் போதும்ணே” என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

மிஷின் வந்து ஏழெட்டுச் சனிக்கிழமை போயிருக்கும். பங்குனி தொடக்கத்தில் பாண்டியம்மாள் கேட்டருகே வந்து நின்றார்.

“என்னண்ணே, உள்ள மிசினு ஓடுது, நீங்க வாசல்ல காவல் நிக்கிறீக. சனிக்கெழமை தவறாம இதேதான். தெருவுல ஆளுக்கு ஒண்ணு பேசுறாக.”

“காத்துக்கு நிக்கிறன்” என்றேன்.

“பங்குனி வெயில்ல என்னண்ணே காத்து?” அவர் சிரிக்கவில்லை. “நாங்க வந்து எட்டிப் பாத்துருவோம்னுதான நிக்கிறீக? எங்க வீட்டுக்காரரு ஒரே புடியா நிக்கிறாரு. சித்திரை பொறந்ததும் வேற எடம் பாத்துக்கங்க.”

நாங்கள் உள்ளே எதையோ மறைக்கிறோம் என்ற எந்தச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று அஞ்சினோமோ, அதை நானே கேட்டில் நின்று ஊருக்குக் காட்டியிருக்கிறேன். யோகத்திடம் சொன்னபோது அவள் மிஷினைத் துடைத்து மூடினாள். பிறகு, “வாற சனிக்கிழமை நல்ல பட்டர் கேக் ஒண்டு அடிச்சு அவைக்குக் குடுப்பம். மிஷின் என்னத்துக்கெண்டு தெரிஞ்சால் காணும்” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை வெண்ணெய் உருகாமலிருக்கக் கிண்ணத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டினாள். நான் கேட்டில் நின்றேன். ஆறாவது நிமிடத்தில் தெருவின் கிழக்கு முனையில் மேளம் கேட்டது. பிறகு ஆட்கள் திரும்பினார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. எல்லோரும் கத்தினார்கள். முன்னால் வந்தவர்களின் கையில் நெருப்பு இருந்தது.

தீச்சட்டி என்று எனக்குத் தெரியும். மஞ்சள் உடுத்தி, வேப்பிலை சொருகி, மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் எடுப்பது. எங்கள் ஊர்க் கோயிலிலும் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டம் ஒவ்வொரு கேட்டாக நின்று நின்று வந்தது. அதைக் கண்ட பிறகு நான் தெரிந்து வைத்திருந்தது எதுவும் உதவவில்லை. உள்ளே ஓடினேன். “நவத்தன்ன” என்று கத்தியபடி பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு ஆண்டுகளாக என் வாயில் வராத பாஷை. யோகம் என்னவென்று கேட்கவே இல்லை. இருவரும் பின்பக்கக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டோம்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மேளம் வாசலுக்குள் வந்து நின்றது. தண்ணீர் கொட்டும் ஓசை, குலவை, பிறகு மேளம் நகர்ந்தது. அடுத்து யாரோ பின்பக்கமாக வந்து கதவைத் தட்டினார்கள்.

“அண்ணே, மதினி, உள்ளயா இருக்கீக? ஆத்தா வாசலுக்கு வந்து நிக்கிறா, கால்ல ஊத்த ஒரு சொம்புத் தண்ணிக்கு ஆளில்ல. நாந்தான் மஞ்சத்தண்ணி ஊத்துனேன். என்ன ஆளுகய்யா நீங்க!”

தாழைத் திறந்தேன். கோபத்தோடு நின்ற பாண்டியம்மாள் உள்ளே பார்த்தார். ஈரத் தரையில் யோகம் குந்தியிருந்தாள். அவள் கையில் வெண்ணெய் ஒட்டிய புது மிஷினின் துடுப்பு இருந்தது. இந்த முறையும் எப்போது கழற்றினாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“என்ன மதினி இது?”

யோகம் சொன்னாள். நான் இங்கே எழுதியதைவிடக் குறைவான சொற்களில் சொன்னாள். மிஷின் ஓடியது, ஆட்கள் வந்தது கேட்கவில்லை, வீடு போயிற்று, அதனால்தான் இவரை வாசலில் நிற்கச் சொல்கிறேன்.

பாண்டியம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? எங்களுக்குப் பயந்து நிக்கிறீகன்னுல்ல நெனச்சேன்” என்றார். பிறகு, “அந்த மாவு வீணாப் போச்சா?” என்று கேட்டார்.

“திரும்ப அடிச்சால் சரிவரும்” என்றாள் யோகம்.

“அப்பப் போய் அடிங்க. கேக்கு என்ன தப்புப் பண்ணுச்சுன்னு அடிக்கிறீகளோ தெரியல. நான் வாசல்ல நிக்கிறேன். என்னைத் தாண்டி எவன் வாரான்னு பாப்போம்.”

சித்திரை பிறந்து பல வாரங்கள் ஆகின்றன. வீட்டைக் காலி செய்யும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு முறத்தில் கீரையோடு வந்து கேட்டருகே உட்கார்ந்துவிடுகிறார். போகிற வருகிறவர்களிடம் சத்தமாகப் பேசுகிறார். எனக்கு வாசலில் வேலை இல்லை. சமையலறை ஜன்னலோரம் நிற்கிறேன். அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வாசலில் நிற்பவருக்கு உள்ளே இருப்பது யார் என்று தெரியும். சோமாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் இல்லையென்று சொன்னதால் நாங்கள் இருக்கிறோம். இன்னொரு முறையும் ஒருவர் அப்படிச் சொல்ல வேண்டிய நாள் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் நான் பாண்டியம்மாளின் முதுகைப் பார்க்கிறேன்.

சோமாவின் கடிதம் போன மாதம் வந்தது. எரியாமல் மிஞ்சிய எங்கள் மிஷினைத் தன் வீட்டு மேசையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாராம். துடுப்பு இல்லாததால் ஓட்டிப் பார்க்கவில்லையாம். அந்தத் துடுப்பு இங்கே, புது மிஷினுக்கு மேலே சுவரில் ஓர் ஆணியில் தொங்குகிறது. மிஷின் இரண்டாவது வேகத்துக்குப் போனதும் சுவர் அதிர்ந்து, துடுப்பு டக் டக்கென்று தானாகத் தட்டத் தொடங்கும். கழற்றி வைத்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன்.

“இருக்கட்டும். அது நிண்டால் என்னவோ வருகுது எண்டு தெரியும்” என்றாள் யோகம்.

பன்னிரண்டு நிமிடம் முடிந்து யோகம் மிஷினை நிறுத்த, துடுப்பின் தட்டலும் நிற்கிறது. நாங்கள் இருவரும் வாசலைப் பார்க்கிறோம். பாண்டியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.