இறங்கத் தெரிந்த கண்டக்டர்

குருவிகுளம் மினிபஸ் பயணிகள் அனைவருக்கும் மிகுந்த மனவேதனையுடன் அறிவிப்பது: திங்கட்கிழமை காலை முதல் விசில் சத்தம் மாறிவிட்டது. வழக்கமான ‘பீ… பீப்பீ’ இல்லை, வெறும் ‘பீ’.

“புதுக் கண்டக்டரா?” என்று டிரைவரைக் கேட்டேன். அவர் திரும்பாமலே, “கோமதிநாயகம் அண்ணாச்சி நேத்து போயிட்டாருலே. நெஞ்சுவலி” என்றார்.

அந்த பஸ்ஸில் போன உங்களுக்கே தெரியும், அண்ணாச்சிக்கு எல்லாவற்றுக்கும் சாமிதான் சாட்சி. இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆளை உட்காரவைக்க, நம் ஊர் சங்கரநாராயணரையே கூப்பிடுவார்: “ஒரே உடம்புல சிவனும் பெருமாளும் பாதிப் பாதி இருக்காங்க. நீரு கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதாவே?”

படியை அடைத்து நிற்கும் எனக்குத் தனி உபதேசம். “ஏலே, பெருமாளே ஒம்பது தடவ எறங்கிட்டாரு. ஒனக்கு ஒரு தடவ எறங்கி வழிவிட வலிக்கோ?”

“பத்தாவது பாக்கி இருக்குல்லா அண்ணாச்சி. அதுக்குத்தான் படியிலயே நிக்கேன்.”

சிரித்துவிட்டார். “அவதாரம்னாலே எறங்குததுதாம்லே. உலகம் தடுமாறும்போது மேல நின்னு விசில் ஊதுனா ஆகாது.” சொல்லிக்கொண்டே இறங்கி, ஒரு அக்காவின் புல்லுக்கட்டைத் தூக்கி ஏற்றினார்.

என் முழங்கைத் தழும்பின் வரலாறு பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். ஓடும் பஸ்ஸிலிருந்து விழப்போன குழந்தையைப் பாய்ந்து பிடித்த வீரத் தழும்பு! இரண்டு வருடமாக அதை வைத்தே பிழைப்பு.

குழந்தையே கிடையாது. அண்ணாச்சியின் விசில் மாதிரியே ஒன்று வாங்கி, அவர் கீழே மூட்டை தூக்கும் நேரம் பார்த்து, ‘பீ… பீப்பீ’ ஊதினேன். அவரை விட்டுவிட்டு பஸ் கிளம்பியது. சிரித்த சிரிப்பில் கம்பியை விட்டு விழுந்தேன். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவர், பின்சக்கரத்துக்கு முன்னால் கிடந்த என்னை இழுத்துப் போட்டார். அவர் முட்டியிலும் ரத்தம்.

இனிமேல் படியில் தொங்கினால் படிப்பையே நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அன்று அவரிடம் அண்ணாச்சி முந்திக்கொண்டார்: “பயல வையாதீரும்வே. விழப்போன சின்னப் புள்ளையப் பிடிக்கப் போயித்தான் விழுந்துட்டான்.”

விழுந்த இடத்தில் பொறுக்கிய என் விசிலை மறுநாள் கையில் வைத்தார். “ஊதுலே. கீழ யாரு நிக்கான்னு பாத்துட்டு ஊது.” அது இன்னும் என் பையில் கிடக்கிறது. அதற்குப் பிறகு ஊதியதில்லை.

இந்த முறை அண்ணாச்சி ஏறிப் போயிருக்கிறார். இறங்கிப் பழகியவர் அங்கே எத்தனை நாள் இருப்பாரோ?

பள்ளிக்கூடத்து நண்பர்களே, மன்னிக்க வேண்டும். கதை அவர் சொன்னது. வீரம் மட்டும் நான் சேர்த்தது. அதில் பிழைத்த அந்தச் சின்னப் பிள்ளை நான்தான்.