பிலோமினா டீச்சர் வீட்டு வரியைக் குறைத்த கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். அளவு டேப்பின் ஒரு நுனி என் கையில். இன்னொரு நுனி பிலோமினா டீச்சர் கையில்.

"சுவரைத் தொட்டுடுச்சா வசந்தி?"

"தொட்டுடுச்சு டீச்சர். கூடவே உங்க பழைய செருப்பு ஒண்ணு கிடைச்சிருக்கு."

ஐம்பது வயதைத் தாண்டியவள், முட்டி வலிக்காரி, எதற்கு இந்த வேலை என்கிறீர்களா? எல்லாம் வீட்டு வரிக்காகத்தான்.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடும் டீச்சர் வீடும் ஒரே காம்பவுண்டுச் சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு இருபது வருடமாக நிற்கின்றன. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்து ரிட்டையர் ஆனவர். கணவர் ஆரோக்கியம் சார் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் மஸ்கட்டில். டீச்சர் பென்ஷனில் தனியாக இருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வீட்டுக்கு வந்தவர், காபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே சொன்னார்.

"வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் டீச்சர்?"

"இந்த வருஷ வரி என் ரெண்டு மாச பென்ஷனை விட ஜாஸ்தி. ரேட் ஏத்திட்டாங்களாம். அபார்ட்மென்ட் கட்டறவர் ஒருத்தர் மூணாவது வாட்டி வந்து கேட்டுட்டுப் போயிட்டார். மகளும் வித்துடுன்றா..."

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அவர் இருந்தப்ப இதெல்லாம் அவர் பாத்துப்பார். எனக்கு இதுல ஒண்ணும் புரியல வசந்தி" என்றார்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தவர் சொல்கிற வார்த்தையா இது? எனக்குக் கோபமாக வந்தது. அவர் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம். "போன வருஷ ரசீதையும் ஃபாரத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

இந்த ஊரில் வீட்டின் அளவை நாமே எழுதி, வரியை நாமே கணக்குப் போட்டுக் கட்டுகிற முறை வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. நல்ல முறைதான். ஆனால் ஃபாரத்தை யார் நிரப்புகிறார்கள்? சார் போன பிறகு டீச்சர் அதை மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவாராம். அவர் நிரப்பித் தருவார். டீச்சர் கையெழுத்துப் போடுவார்.

படித்துப் பார்த்தேன். கடைக்காரர் அவசரத்தில் நிரப்பியிருக்கிறார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது.

டீச்சருடையது முப்பதுக்கு நாற்பது சைட். அதாவது ஆயிரத்து இருநூறு சதுர அடி நிலம். கட்டடத்தின் பரப்பளவு கேட்ட இடத்திலும் அதே ஆயிரத்து இருநூறு! அப்படியானால் முன்னால் இருக்கிற முருங்கை மரமும் பக்கவாட்டில் துணி காயப்போடும் சந்தும் கட்டடமா? அடுத்து, சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு வரி குறைவு. வாடகைக்கு விட்டால் அதிகம். டீச்சர் குடியிருக்கும் வீடு மொத்தமும் 'வாடகை' என்று டிக் ஆகியிருந்தது. பழைய கட்டடத்துக்கு வயதுக்கு ஏற்பக் கழிவு உண்டு. வயது என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டீச்சர் முகம் மாறியது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபாரத்தை என் கையிலிருந்து வாங்கினார். இரண்டு முறை படித்தார்.

"நாலு வருஷமா இதுல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. காபி ஆறிவிட்டது. "சனிக்கிழமை ஃப்ரீயா இருக்கியா? அளந்துடலாம்."

அப்படித்தான் நான் கட்டிலுக்கு அடியில் போனது.

ஹால், படுக்கையறை, சமையலறை என்று அளந்து முடித்தோம். எழுநூற்று நாற்பது சதுர அடிதான் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

"இரு. பின்னாடி ரூம் இருக்கே?"

பின்பக்கம் ஷீட் போட்ட ஓர் அறை உண்டு. சார் கடைசிக் காலத்தில் கட்டியது. ஒரு நர்ஸ் பெண் அதில் வாடகைக்கு இருக்கிறாள். அந்த அறை எந்த ஃபாரத்திலும் தனியாக ஏறியதே இல்லை.

"அதை எதுக்கு டீச்சர்? சின்ன ரூம். தெருவுலேர்ந்து பாத்தா தெரியக்கூடத் தெரியாது" என்றேன். ஆம், இப்படிச் சொன்னது நான்தான். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நியாயம் பேசுகிறவள்.

டீச்சர் திட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் காப்பி அடித்தவளைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார்.

"தப்பா எழுதியிருக்குன்னு சொல்லத்தானே போறோம்? நாமளே தப்பா எழுதிட்டுப் போனா எப்படி நிமிர்ந்து நிக்கறது? டேப்பைப் பிடி."

பிடித்தேன். அந்த அறைக்கு வாடகை என்றே டிக் போட்டார். வீட்டின் வரைபடத்தை ஸ்கேல் வைத்து அவரே வரைந்தார். கட்டடத்தின் வயதுக்குச் சாட்சியாக முதன்முதலில் கரண்ட் கனெக்ஷன் கொடுத்தபோது வந்த கடிதம் கிடைத்தது, தையல் மெஷின் டிராயரில்.

திங்கட்கிழமை வரி அலுவலகம் போனோம். வாசலிலேயே ஒருவர், "மேடம், எதுக்கு அலையறீங்க? எங்கிட்ட விட்டுடுங்க, ஒரே நாள்ல குறைச்சுத் தர்றேன்" என்றார். டீச்சர் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எவ்வளவு குறையணும்னு நானே போட்டுட்டேன். உங்களுக்கு மிச்சம் ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார்.

உள்ளே, "நாளெ பன்னி." நாளைக்கு வாருங்கள் என்பதைத்தான் கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள். ஊருக்குப் புதிதாக வந்த தமிழர்கள் கோபப்படுவார்கள். நாங்கள் பழகிவிட்டோம். மறுநாள் போனால் அதிகாரி மீட்டிங். அதற்கு மறுநாள், "நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கணக்கும்மா இது. இப்போ தப்புன்னா எப்படி?" என்றார் கிளார்க்.

"கையெழுத்து என்னோடதுதான். தப்பும் என்னோடதுதான். அதான் திருத்த வந்திருக்கேன்" என்றார் டீச்சர். நல்ல கன்னடத்தில், குரல் உயராமல். "வந்து அளந்து பாருங்க. ஒரு அடி வித்தியாசம் இருந்தாலும் நான் பழைய வரியையே கட்டறேன்."

ஒரு அடி தப்பியிருந்தால்? கட்டிலுக்கு அடியில் நுனியைப் பிடித்தவள் நான் அல்லவா?

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வந்தார். இளைஞர். தன் டேப்பை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தார். பின்பக்கம் போனவர் வரைபடத்தையும் அறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஹிந்தின ரூமு நீவே பரெதித்தீரா?" பின் அறையை நீங்களேதான் எழுதினீர்களா என்று கேட்டார்.

"ஹௌது" என்றார் டீச்சர். ஆமாம்.

"இதை எப்பவும் நாங்கதான் வந்து கண்டுபிடிப்போம்" என்று முதல் முறையாகச் சிரித்தார் அவர். அதற்குப் பிறகு மற்ற கட்டங்களைப் பற்றி ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை.

பின் அறையைச் சேர்த்த பிறகும் இந்த வருட வரி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கெடுவுக்குள் கட்டியதால் சின்னத் தள்ளுபடியும் கிடைத்தது. பழைய வருடங்களில் அதிகமாகக் கட்டிய பணம்? அதற்குத் தனி மனு, தனி மேஜை. கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை. மாதம் ஒரு தடவை போய் நின்று கேட்பது என்று டீச்சர் முடிவு செய்திருக்கிறார். பதில் சொல்லாமல் அவர்களால் எத்தனை மாதம் தாக்குப் பிடிக்க முடியும் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் அவரவர் ரசீதோடு டீச்சர் வீட்டு ஹாலில் உட்கார்கிறார்கள். டீச்சர் அவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பதில்லை. கட்டம் கட்டமாகப் படிக்கச் சொல்லி அவர்களையே எழுத வைக்கிறார். நீங்களும் உங்கள் ரசீதை எடுங்களேன். வீட்டின் அளவு சரியா, குடியிருப்பது யார் என்று சரியாக எழுதியிருக்கிறதா, கட்டடத்தின் வயது இருக்கிறதா... பத்து நிமிட வேலை. உங்கள் வீட்டைப் பற்றி உங்களை விட ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

அதே வேகத்தில் போன ஞாயிறு எங்கள் வீட்டையும் அளந்தேன். மாடிப்படிக்குப் பக்கத்தில் மகனுக்காகக் கட்டிய அறை கணக்கில் ஏறவே இல்லை. வேறு வழி? எழுதினேன். வரி ஏறிவிட்டது.

"குறைக்கறதுக்குத்தானே கிளம்பினே?" என்றார் என் கணவர்.