திங்கட்கிழமை மழை

ராகலையில் நான் வாடகைக்கு இருந்த அறையை ஞாயிற்றுக்கிழமைகளில் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்காது. போரால் என் ஊரான யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த வருடங்கள் அவை. கதைக்க ஆளில்லாத தனிமை என்னைத் தின்றது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று, லீவு நாளிலும் மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறிவிடுவேன்.

என் வேலை மழையைக் கணக்கெடுப்பது, மனிதரை விசாரிப்பது, இரண்டையும் ஒரே ஆய்வாக்குவது. மாறிவரும் மழையில் மண்சரிவுக்குத் தப்ப எந்த லயத்து வரிசை வீட்டு ஆட்களை இடம் மாற்ற வேண்டும் என்று அதை வைத்து அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். தோட்டத்து மேட்டில் அளந்து எழுதிய பழைய மழைப் புத்தகத்தில் கனமழை நாட்கள் ஏராளம். அதனால் மேட்டு லயம் பட்டியலில் முதலாவதாக நின்றது. ஒன்றுதான் இடித்தது. அந்தப் புத்தகத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் மழை பெய்யவில்லை.

அதை எழுதிய காவல்காரர் காலமாகிவிட்டார். அவர் மனைவி மேட்டு லயத்தில் இருந்தார். அந்த மலையில் என்னை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி தந்த ஒரே ஆள் அந்த அக்காதான்.

"ஞாயிற்றுக்கிழமையில இஞ்ச மழையே பெய்யிறேல்லையோ அக்கா?"

என் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு வழக்கம்போலச் சிரித்தார்.

"அன்னிக்கு அவருக்கு லீவுங்க சார். திங்கக்கெழம ரெண்டு நாளு தண்ணியயும் சேத்து அளந்து எழுதிருவாரு. அது கெடக்கட்டும், இந்தச் செவத்தப் பாருங்க. போன மழைக்கு வெரலு நொழைஞ்சுச்சு, இப்ப கையே நொழையுது."

இரண்டையும் எழுதிக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. திங்கட்கிழமை மழையை இரண்டு நாளுக்குப் பிரித்ததும் கனமழை நாட்கள் குறைந்தன. மேட்டு லயம் பட்டியலிலிருந்து விழுந்தது. சுவர் வெடிப்பையும் சேர்க்கச் சொல்லி, ஆய்வை நடத்திய பேராசிரியர்களிடம் மன்றாடினேன். மழையைப் பற்றி அக்கா சொன்னதை அப்படியே ஏற்றவர்கள், சுவரைப் பற்றிச் சொன்னதை அபிப்பிராயம் என்றார்கள். அளந்தாயா என்று கேட்டார்கள். நான் அளக்கவில்லை. மடையன், ஒரு அடிமட்டம்கூடக் கொண்டுபோகவில்லை. அறிக்கை அச்சுக்குப் போனது.

அடுத்த ஞாயிறு மேலே போனேன். தூறிக்கொண்டிருந்தது. அக்கா வெடிப்பில் பழைய சேலையைத் திணித்திருந்தார்.

"அவரு செஞ்சத ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன் சார். ஒதவுச்சுங்களா?"

"ஓம் அக்கா. நல்லா உதவினது."

முகம் மலர்ந்து இன்னொரு கோப்பை ஊற்றினார்.

"அப்ப எங்கள எப்ப சார் கீழ எறக்குவாங்க?"

தேத்தண்ணி சுடுகிறது என்பதுபோல ஊதிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அறையை விட்டு வெளியே போகவில்லை.