அதிரசத்தை அடிச்சுடுங்க டீச்சர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். பொய். அது மூக்குக்கும் ஒரு முழம் முன்னால் போய் நிற்கும். அப்படி அது முன்னால் போய் நின்ற ஒரு நாளில்தான், கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியிலிருந்து அறுபது வீடுகளுக்கு நான் ஒரு படிவம் அனுப்பி வைத்தேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயசு. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டுத் தற்காலிக டீச்சராகச் சேர்ந்திருந்தேன். பள்ளி தனியார் பள்ளி, சம்பளம் அரசாங்க மானியம். என் இடத்துக்கும் மானியம் உண்டு என்று மேலிடத்திலிருந்து காகிதம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் திருக்கோவிலூர் பாத்திரக் கடைக்காரர். நல்ல மனுஷர்தான், முப்பத்தெட்டு வயசு, பெண் பார்ப்பதற்கு முன்னாலேயே ஒரு குடம் அனுப்பி வைத்திருந்தார். சர்க்கரை ஆலையில் வேலை செய்த என் அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "தை பொறக்கறதுக்குள்ள காகிதம் வந்தா நீ டீச்சரு. வரலன்னா பாத்திரக் கடை. அப்புறம் அழுதுக்கினு நிக்கக் கூடாது." ரோஷத்தில் நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷம். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு உரிய பங்கைத் தனியாகக் கொடு என்று எங்கள் பக்கத்து விவசாய ஜனம் ரோட்டுக்கு வந்திருந்தது. புளியமரத்தை வெட்டி ரோட்டில் போட்டார்கள் என்றால் உளுந்தூர்பேட்டை பஸ் தியாகதுருகத்தோடு நின்றுவிடும். நிறைய வீடுகளில் அந்த வருஷம் அழுகுரல் கேட்டது, அதைப் பற்றிச் சிரிக்க எனக்கு வாய் வராது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பாத்திரக் கடைக்காரர் வீட்டார் இரண்டு தடவை பெண் பார்க்கக் கிளம்பி, இரண்டு தடவையும் மரம் விழுந்து பாதி வழியில் திரும்பிப் போனார்கள். அந்தப் போராட்டத்துக்கு என்னளவு மனமார ஆதரவு கொடுத்தவர்கள் ஊரில் யாரும் இல்லை.

ஐப்பசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. குழந்தைகளுக்கு இந்தியப் பண்பாட்டையும் பாரம்பரியத்தையும் அறிமுகப்படுத்தக் கண்காட்சி நடத்த வேண்டும், கார்த்திகையில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று அதில் இருந்தது. வருகிறவர், என் இடத்துக்கு மானியம் உண்டா இல்லையா என்று எழுதப் போகிற அதே அதிகாரி. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"உனக்குக் கையெழுத்து நல்லாருக்குதும்மா. அட்டையில தாஜ்மகால் ஒண்ணு, மயில் ஒண்ணு, நடனமாடற பொம்மை ஒண்ணு பண்ணி வெச்சுடு. போதும்."

"தாஜ்மகால் நம்ம புள்ளைங்க யாரு வூட்ல சார் இருக்குது?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பேச்சு இல்லாவிட்டால் துடைப்பார். நான் விடவில்லை. பண்பாடு வீட்டில்தானே இருக்கிறது, வீட்டையே கேட்போம் என்று சொல்லி, அன்றைக்குச் சாயங்காலமே கேள்விகள் எழுதினேன். உங்கள் குலதெய்வம் எது? விசேஷ நாளில் என்ன சமைப்பீர்கள்? என்ன நகை அணிவீர்கள்? என்ன பாட்டுப் பாடுவீர்கள்? வீட்டில் உள்ள பழைய பொருள் என்ன? அதைக் கண்காட்சிக்குக் கொடுத்து அனுப்பவும். இதோடு விட்டிருக்கலாம். யாராவது மதிக்க வேண்டுமே என்று கடைசியில், 'உண்மை விவரங்களை மட்டுமே எழுதவும்' என்று சேர்த்து, ஆபீஸ் மேஜையில் இருந்த வட்ட முத்திரையை ஒவ்வொன்றிலும் குத்தினேன். குத்துகிற சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

முத்திரையைப் பார்த்தால் ஜனம் என்ன நினைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நாள் முன்னால்தான் யாரோ வீடு வீடாக வந்து கூரையா ஓடா, ரேடியோ இருக்கிறதா, யார் படித்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். எந்த ஜனம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று கணக்கெடுத்துத்தான் பங்கு கொடுப்பார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து முத்திரையோடு, என்ன தின்கிறீர்கள், என்ன நகை போடுகிறீர்கள் என்று ஒரு காகிதம் போனால்?

நாலு நாளில் படிவங்கள் திரும்பி வந்தன. ஆசையாகப் பிரித்தேன்.

'விசேஷ நாளில்: கூழ்.' அடுத்தது: 'கூழ். தீபாவளிக்குக் கெட்டிக் கூழ்.' அடுத்தது: 'கூழ், கடனாக வாங்கியது.' நகை என்ற இடத்தில் எல்லாரும் மஞ்சள் கயிறு என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு அம்மா தினமும் பள்ளி வாசலுக்கு வரும்போது கழுத்தில் தாம்புக்கயிறு கனத்துக்குச் சங்கிலி ஆடும். 'பாட்டு: பாடத் தெம்பு இல்லை.' 'பழைய பொருள்: ஒரு சொம்பு இருந்தது, ஓட்டை.' ரைஸ்மில் வைத்திருந்த ஒருத்தர், 'எங்கள் குலதெய்வத்துக்கே கூரை இல்லை' என்று எழுதியிருந்தார். அது உண்மைதான், அந்தச் சாமி காலங்காலமாக வெட்டவெளியில்தான் நிற்கிறது. நாலு தலைமுறையாகப் பட்டணத்து உத்தியோகம் பார்க்கிற ஒரு குடும்பம்கூட, 'எங்களையும் சேர்க்க வழி இருந்தால் தெரிவிக்கவும்' என்று அடியில் எழுதி அனுப்பியிருந்தது.

ஒரே ஒரு படிவம் வேறு மாதிரி. கருணாபுரத்தில் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பெண் எழுதியது. 'தீபாவளிக்கு எங்கள் வீட்டில் இட்லி. ஆளுக்கு அஞ்சு' என்று எழுதி, அஞ்சுக்கு அடியில் கோடு போட்டிருந்தாள். நிஜமாகவே தினமும் கூழ் குடிக்கிற வீடு அது. அந்தப் படிவத்தில் கூழ் என்ற பேச்சே இல்லை. அதைப் படித்ததும் எனக்கு மற்றவர்கள் மேல் வந்த கோபத்தில், கையில் இருந்த பென்சில் உடைந்தது.

மறுநாள் ஒரு அப்பா வந்தார். இரண்டு பம்புசெட்டு, பத்து ஏக்கர் கரும்பு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மூணாம் வகுப்புப் பெண் வீட்டில் யாரையும் கேட்காமல் தானே எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

"இன்னாடி எழுதினன்னு கேட்டேங்க. அதிரசம்னு எழுதினேன்றா. நாங்க எல்லாரும் கூழுன்னு பேசி வெச்சிருக்கிறோம். இவ ஒருத்தி அதிரசத்தப் போட்டுட்டா ஜனத்துக்கே பங்கு கம்மியாயிடுங்க. அதிரசத்த அடிச்சுடுங்க டீச்சர்."

"உங்க வூட்ல அதிரசம் சுடறது இல்லையா?"

"சுடுவோங்க. தின்னுக்கினு பேசாம இருப்போங்க. அத எதுக்குங்க கவர்மெண்டுக்குச் சொல்லணும்?"

இது கணக்கெடுப்பு இல்லை, பிள்ளைகளுக்கு நம்முடைய பாரம்பரியத்தைக் காட்டுவதற்கு என்று அரை மணி நேரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அதுக்கு எதுக்குங்க முத்திரை?" என்றார். கோபம் ஒரு முழம் முன்னால் போய் நின்றது. "அடிக்க முடியாது, போங்க" என்று சொல்லிவிட்டேன்.

படிவத்தைப் பார்த்துப் பயப்படாத தகப்பனும் ஒருத்தர் இருந்தார். கல்வராயன் மலைக்காரர், பெண்ணைக் கீழே விடுதியில் விட்டுப் படிக்க வைத்தவர். அவருக்கு எழுதத் தெரியாது. அதனால் சந்தைக்கு இறங்கி வந்த அன்றைக்கு நேரிலேயே பதில் சொல்ல வந்துவிட்டார். சாமை, மொச்சை, தேன், திருவிழா ஆட்டம் என்று வாய் ஓயாமல் சொன்னார். "உங்களுக்குக் கணக்கெடுப்புப் பயம் இல்லையா?" என்று கேட்டேன். "எங்களுக்கு மலைசாதிப் பட்டியல்ல முன்னயே எடம் இருக்குதாம்ங்க. மலைக்கு பஸ்ஸுதான் இல்ல" என்றார்.

கண்காட்சி நாள் வந்தது. காலையில் பிள்ளைகள் கொண்டுவந்து வைத்த பொருள்களைப் பார்த்து ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். விளிம்பு போன பானை, பல் உடைந்த சீப்பு, கிழிந்த பாய், காலில்லாத முக்காலி. அந்த மலைக்காரர் கொடுத்த சாமை மூட்டையும் தேன் புட்டியும் மட்டும் ஓரத்தில் முழுசாக இருந்தன. படிவத்தில் எழுதியதற்கு ஒத்துப்போக வேண்டாமா என்று மற்றப் பெற்றவர்கள் ஜாக்கிரதையாக உடைசலாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். அம்மாக்கள் வந்து பின்னால் நின்றார்கள், கழுத்தில் வெறும் கயிறோடு. அதிரசக்காரரும் மலைக்காரரும்கூட வந்திருந்தார்கள்.

அதிகாரியின் ஜீப்பைத் தியாகதுருகம் ரோட்டில் மரம் மறித்துவிட்டது. கடைசி மூன்று மைல் நடந்து வந்தார். செருப்பு வார் அறுந்திருந்தது. மேஜை மேஜையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், காலில்லாத முக்காலியிடம் நின்றார்.

"இது பாரம்பரியமா, பஞ்ச நிவாரணமா?" என்றார்.

என் கண் முன்னால் ஒரு குடம் வந்து நின்றது. பாத்திரக் கடைக் குடம்தான். அதிகாரி அதோடு விடாமல் தாய்மார்களைத் திரும்பிப் பார்த்து, "இந்த ஊருக்குப் பண்பாடுன்னு ஒண்ணுமே கிடையாதா?" என்று கேட்டார்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா முன்னால் வந்தாள். அதிரசக்காரரின் மனைவி. அவர் மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மா உதறிவிட்டாள்.

"யாருக்கு இல்லன்றீங்க? எங்க மாமியா குடுத்த வெங்கலப் பானை ஒண்ணு இருக்குது, உள்ள ரெண்டு புள்ளைங்கள ஒக்கார வெக்கலாம். இருங்க, போயிடாதீங்க."

அவள் போனாள். அவளைப் பார்த்து அடுத்தவளுக்கு ரோஷம். பானை அவள் வீட்டில் மட்டுமா இருக்கிறது? அரை மணி நேரத்தில் பள்ளிக்கூடம் கல்யாண வீடாகிவிட்டது. மாட்டு வண்டியில் அண்டா வந்தது. இடுப்புயரக் குத்துவிளக்கு வந்தது. கூறைப் புடவைகள், வெள்ளி அரைஞாண், காசு மாலை. தாம்புக்கயிறுச் சங்கிலி திரும்பக் கழுத்தில் ஏறியிருந்தது. பாடத் தெம்பு இல்லாத வீட்டுக்காரி கும்மிக்கு முதல் அடி எடுத்துக் கொடுக்க, முற்றம் முழுக்கச் சுற்றினார்கள். மலைக்காரர் அங்கே கிடந்த ஒரு தவலையைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினார். கருணாபுரத்து அம்மா ஒரு தூக்குப் போசியில் இட்லி கொண்டுவந்து, எந்த மேஜையில் வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நடு மேஜையில் நானே வாங்கி வைத்தேன். பிள்ளைகள் வெங்கலப் பானைக்குள் தலையை விட்டு, "இது நம்ம வூட்டுதா?" என்று கத்தினார்கள். பரணில் இருந்ததை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்குக் கண்ணீர் வந்தது. இந்தக் காட்சிக்காகத்தானே படிவம் அனுப்பினேன் என்று சந்தோஷமாக அழுதேன்.

அதிரசக்காரர் மனைவி பானையோடு ஒரு தட்டு அதிரசமும் கொண்டுவந்திருந்தாள். அதிகாரி ஏழு சாப்பிட்டார், நான் எண்ணினேன். "பிரமாதம்" என்றார். அதிரசக்காரர் மட்டும் வேப்பமரத்தடியில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மார்கழி நடுவில் காகிதம் வந்தது. ஹெட்மாஸ்டர் ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, என்னிடம் நீட்டினார். முதல் வரியில் கண்காட்சி மிகச் சிறப்பு என்று இருந்தது. இரண்டாவது வரி: 'பெற்றோர் நல்ல வசதியுடன் இருப்பதை நேரில் கண்டேன். எனவே கூடுதல் ஆசிரியருக்கு அரசு மானியம் தேவையில்லை.'

கோபித்துக்கொள்ள ஆள் தேடினேன். யாரும் கிடைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அதிரசக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். குத்திக் காட்ட வந்தார் என்றுதான் நினைத்தேன். ஒரு பொட்டலத்தை மேஜையில் வைத்தார். அதிரசம்.

"நான் அப்பவே சொன்னேங்க" என்றார், என்னைவிட வருத்தமாக.

வேலை போனதை அந்த மலைக்காரர் சந்தையில் கேள்விப்பட்டிருக்கிறார். "எங்க மேல ஒரு ஸ்கூலு இருக்குதுங்க. டீச்சருங்க யாரும் வரமாட்றாங்க" என்று வந்து நின்றார். மனு போட்டேன். ஆள் கிடைக்காத இடம், எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது நிரந்தர உத்தரவு வந்தது. மலைக்கு பஸ் இல்லை என்று தெரிந்ததும் பாத்திரக் கடைக்காரர் குடத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, பிறகு என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தான்.

அடுத்த வருஷம் அதே ஐப்பசியில், மலைக்கும் ஒரு படிவம் வந்தது. மேலே வட்ட முத்திரை. பள்ளியில் மதியச் சாப்பாடு தொடர வேண்டுமா என்று யாரோ எங்கோ யோசித்துக்கொண்டிருந்த சமயம் அது. 'இப்பகுதி மக்களின் பாரம்பரிய உணவு என்ன? உண்மை விவரங்களை மட்டுமே எழுதவும்.' தரையில் முப்பது பிள்ளைகள் மதிய மணிக்காகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, தேன் என்று அழகாக எழுதினேன். எழுதியதை ஒரு தடவை படித்தேன்.

பிறகு அதை அடித்துவிட்டு, கூழ் என்று எழுதினேன். விசேஷ நாளில், கெட்டிக் கூழ்.