மூலையில் ஒரு கறுப்புப் பொட்டு

ரோகினிக்கு எதையும் நகல் எடுக்காமல் இருக்க முடியாது. லிங்கி பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாகக் கிராணியாக எழுத்து வேலை பார்க்கிறாள். ஒரு காகிதம் கையில் வந்தால் மூன்று பிரதி எடுத்து, மூன்றிலும் ‘சாலினான்’, அதாவது இது நகல்தான், என்று முத்திரை குத்திவிட்டுத்தான் மறுவேலை. போன வருடம் என் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன். அதற்கும் ஒரு பிரதி எடுத்து ஃபைலில் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில் இதையெல்லாம் நான் சொல்கிறேன்.

இப்படிப்பட்டவள் ஒருநாள் கைப்பேசியில் காக் சல்மாவின் படங்களைப் பார்த்துத் தொலைத்தாள். கோலா பிலாவில் இருக்கும் மலாய்க்கார அம்மாள் அவர்; ‘காக்’ என்றால் அக்கா. துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, மேலே தையல் ஓட்டி, காலண்டர் அட்டை அளவில் படம் செய்வார். குவில்ட் என்கிறார்கள். வயல், வானம், இரண்டு பக்கமும் கூரை வளைந்து நிற்கும் வீடு, எல்லாமே துணி. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததில் அன்று அவள் வீட்டில் சோறு குழைந்துபோனது.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் எந்தத் துணிக்கும் பாதுகாப்பு இல்லை. அவள் புருஷன் ரவிச்சந்திரன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவருடைய நீலச் சட்டை வானமாகிவிட்டது.

“என் சட்ட எங்க லா?”

“சுவத்துல பாருங்க.”

“நல்ல வேள, நான் உள்ள இல்ல,” என்றார் மனிதர்.

முதல் இரண்டு படமும் சல்மாவுடையதை அப்படியே பார்த்துச் செய்தவை. மூன்றாவதில் கூரை வளைவு சரியாக வரவில்லை. நான்கு தடவை பிரித்தாள். கடைசியில் கோபம் வந்து, வீடு இருக்க வேண்டிய இடத்தில் புருஷனின் லோரியை நிறுத்திவிட்டாள். அது நன்றாகவே இருந்தது. அதன்பிறகு வயல் போய்ச் செம்பனை வந்தது, வீடு போய் ஆபீசு வந்தது. வானத்தை மட்டும் சல்மா மாதிரியே பட்டை பட்டையாக அடுக்கினாள்.

இன்னொன்றையும் அவள் விடவில்லை. சல்மாவின் படம் ஒவ்வொன்றிலும் வலது கீழ்மூலையில் மிளகு அளவில் ஒரு கறுப்பு இருந்தது. எல்லாவற்றிலும் அதே இடம், அதே அளவு.

“பாத்தீங்களாக்கா, திருஷ்டிப் பொட்டு! கொழந்த கன்னத்துல வைக்கிற மாதிரி. மலாய்க்காரங்களா இருந்தாலும் எவ்ளோ வெவரம்!”

நானும் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்றேன். இந்த அசட்டுத்தனத்தில் எனக்கும் பங்கு உண்டு. தான் செய்த பதினொரு படத்திலும் அவள் கறுப்புத் துணியில் வட்டம் வெட்டி, கைத்தையலில் பொட்டு வைத்தாள்.

இந்த வருடம் கோலா பிலாவில் ஒரு கைவேலைக் கண்காட்சி நடந்தது. படங்களைத் தேர்ந்தெடுப்பவர் சல்மாவேதான். ஒரே நிபந்தனை, அடுத்தவர் வேலையைப் பார்த்துச் செய்த நகலாக இருக்கக்கூடாது. ரோகினி அதைப் படித்துவிட்டு என் வீட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆபீசு ஃபாரத்துக்கு அடியிலதான்கா எப்பவும் என் பேரு இருக்கு. ஒரு தடவயாவது சுவத்துல இருக்கணும். அவங்களே பாத்து சாலினான்னு சொல்லிட்டா, அப்புறம் நான் ஊசியவே தொட மாட்டேன்.”

அன்றைக்கு நான் அவளைக் கிண்டல் செய்யவில்லை. புத்தி மட்டும் சொன்னேன். “அந்தப் பொட்டயாவது பிரிச்சிடு. அது அப்படியே அவங்களுது.”

“பொட்டு இல்லாம வெளிய அனுப்புறதா? கண்ணு பட்டுராது?” என்று என்னையே முறைத்தாள்.

என் கன்சில் காரில்தான் கோலா பிலாவுக்குப் போனோம். வழி முழுக்க லோரி படத்தை மடியில் வைத்துக்கொண்டு பொட்டின் தையலை விரலால் நீவிக்கொண்டே வந்தாள். அவள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

சல்மா படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் பக்கம் போய் நின்றார். பட்டை வானத்தைத் தடவினார். பேச்சு மலாயில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன்.

“இந்த வானம் எனக்குத் தெரிஞ்ச வானமா இருக்கே?”

ரோகினி தலையைக் குனிந்தாள். “ஒங்களப் பாத்துதான் கத்துக்கிட்டேன், காக்.”

“லோரி?”

“அது என் வீட்டுக்காரரோடது.”

“இந்தக் கறுப்பு?”

“அதுவும் ஒங்களுதுதான், காக். எல்லாப் படத்துலயும் வச்சிருப்பீங்களே.” குரல் உள்ளே போய்விட்டது.

சல்மா விழித்தார். தம் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார், திருப்பினார், பின்பக்கத்தை எங்களிடம் நீட்டினார். கேமராக் கண்ணாடியில் மிளகு அளவில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

“ரெண்டு வருஷமா எடுக்கிற எல்லாப் படத்துலயும் இதுதான் கறுப்பா விழுது. மாத்தச் சோம்பல்!”

நான் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்தேன். ரோகினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொட்டு எதற்காக வைப்பது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். அழகாக இருப்பதற்குக் கண் படக்கூடாது, அதற்குத்தான்.

சல்மா படத்தைத் திரும்பப் பார்த்தார். “என் வேலை கண் படுற அளவுக்கு அழகுன்னு நீ நெனச்சியா?” என்றார். பிறகு பொட்டின் மேல் விரலை வைத்தார். “நான் வைக்காதத நீ வச்சிருக்க. இது எப்படி என்னோட நகல் ஆகும்?”

லோரி படம் சுவரில் ஏறியது. கீழே ‘ரோகினி ரவிச்சந்திரன், லிங்கி’ என்று அட்டை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

போன மாதம் சல்மா புதுக் கைப்பேசி வாங்கிவிட்டார். படங்கள் பளிச்சென்று வருகின்றன. ஆனால் வலது கீழ்மூலையில் அந்தக் கறுப்பு இப்போதும் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். சுற்றிலும் கைத்தையல்.


ரோகினியிடம் காட்டினேன். “பாரு, ஒன்னப் பாத்து அவங்க செய்யிறாங்க,” என்றேன். அவள் கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள், பிரதி எடுக்க.