பாத்ரூமில் இருந்த பெண்ணின் அப்பா

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க ஊத்துக்கோட்டையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மூன்று மணிக்கு வரவேண்டியவர்கள் இரண்டு பத்துக்கே வந்துவிட்டார்கள்.

நான் எங்கே இருந்தேன்? பாத்ரூமில்!

அதாவது, கொல்லையில் கட்டிக்கொண்டிருக்கும் பாத்ரூமில். சிமென்ட் வாங்க சர்க்கார் பர்மிட்டுக்கு மனுப் போட்டு ஏழு மாதம். பதினொரு தடவை அலைந்தாயிற்று. வெறுத்துப்போய், திருப்பாச்சூரில் இடித்த ஒரு வீட்டின் பழைய செங்கல் 1,430 வாங்கி, செம்மண் சாந்தில் கட்டச் சொன்னேன். மண் சாந்து தாங்குமா என்று தூக்கமில்லை.

அன்று காலை என் மனைவி, பாத்ரூம் வாசல் கிணற்றுப் பக்கம் கூடாது, வீட்டுப் பக்கம்தான் வேண்டும் என்றாள். முதலில் இதை அடைப்போம், பிறகு அதைத் திறப்போம் என்பது மேஸ்திரி முனுசாமியின் திட்டம். நான் உள்ளே நின்று, சுவரில் ஏறிய கல்லை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சார், அடைச்சிடட்டா?" என்றார்.

எண்ணும்போது வாயைத் திறந்தால் கணக்கு என்னாவது? பேசாதே என்று கையை ஆட்டினேன். அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நாலைந்து தடவை கணக்குத் தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணி, 412-இல் திரும்பினால்... வாசலைக் காணோம். நாலு பக்கமும் கழுத்தளவு சுவர்!

"இன்னா மேஸ்திரி இது?"

"நீங்கதானே சார் கைய ஆட்னீங்கோ? வெளிய வந்துடுவீங்கன்னு நெனைச்சிக்கினேன்."

"ஏறிக் குதிக்கட்டுமா?"

"ஐயோ, ஈர மண்ணு சார். சாஞ்சா உங்க மேலதான்."

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள் பேச்சுக்குரல்.

"பொண்ணோட அப்பா எங்க?"

"பாத்ரூம்ல இருக்காருங்க."

"மெதுவா வரட்டும்."

"அவரால வர முடியாதுங்க..." என்றாள் என் மனைவி.

நால்வரும் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். சுவருக்கு மேல் என் தலை மட்டும். கும்பிட்டேன், கை அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருக்கிறது. மூன்றாவதும் போச்சு — என் தலையாலேயே!

பையனின் அப்பா நெல் விவசாயி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஸ்திரியோடு சேர்ந்து வீட்டுப் பக்கச் சுவரைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"சிமிட்டி போட்டிருந்தா கடப்பாரைதான். கல்லும் தூளாயிருக்கும், உள்ள கீறவரும் தூளாயிருப்பாரு" என்றார்.

செங்கல் ஒவ்வொன்றாக முழுசாக வந்தது. 88. ஒன்றுகூட மூளி இல்லை. மறுநாள் அவ்வளவும் மேல் வரிசைக்குப் போய்விட்டன.

நான் வெளியே காலை வைத்தபோது அவர் கைகொடுத்தார்.

"பாத்து வாங்க, சம்பந்தி."

சம்பந்தி! பெண்ணை இன்னும் பார்க்கக்கூட இல்லை.

திங்கட்கிழமை சிமென்ட் பர்மிட் வந்தது. வேண்டாம் என்று பதில் எழுதிவிட்டேன்.

இனிமேல் சுவர் என்றால், முதலில் வாசலை எண்ணிவிட்டுத்தான் கல்லை எண்ணுவேன்.