படிக்கட்டுக்கு அடியில் ஒரு வழக்கு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு உலகத்திலேயே ஒருவரைத்தான் பிடிக்காது. அந்த ஒருவருக்குத்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார். கீழ்வீட்டில் இவர், மாடியில் மச்சான். படிக்கட்டுக்கு அடியில் இவருடைய ஸ்கூட்டர் நிற்பதா, மச்சானின் தண்ணீர் டிரம் இருப்பதா என்பது வழக்கு. ஸ்கூட்டர் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. வழக்கு மட்டும் ஆரோக்கியமாக மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

இவருக்காக வாதாடிய வக்கீல் அலுவலகம் இரண்டு கூட்டாளிகள் தொடங்கியது. ஒருவர் பேசுவது பக்கத்து நாற்காலிக்கே எட்டாது. மற்றவருக்குப் பட்டப்பெயர் இடி. எதிரும் புதிருமான இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். “பேசித் தீர்த்துக்கோய்யா” என்று ஒருவர் முணுமுணுப்பார். அதையே மற்றவர் தெருவுக்குக் கேட்கச் சொல்வார். அதைக் கேட்பதற்கென்றே கடைக்காரர் வாய்தா இல்லாத நாளிலும் போவார். கேட்டு, மறுத்து, டீ குடித்துவிட்டு வருவார். கடைக்கு வந்தவர்கள் அவரைத் தேடினால், “மாமியார் வீட்டுக்குப் போயிருக்காரு” என்பாள் மனைவி.

இடி முதலில் போய்ச் சேர்ந்தார். இந்த வருடம் மெதுவானவரும் போனார். நாற்காலிக்கு வந்த அவருடைய வக்கீல் மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்: “நினைவுக் கூட்டம் முடிஞ்சதும் முடிவு சொல்லுங்க மாமா. சமரசம், இல்லன்னா வேற வக்கீல்.”

“வேற வக்கீலா? வேற அப்பா அம்மாவைப் பாருங்கற மாதிரி இருக்கேம்மா!”

மனிதர் ஆடிப்போனார்.

அலுவலகத்து முன்னறையில் கூட்டம். வந்தவர்கள் எல்லோரும் கடைசிவரை விட்டுக்கொடுக்காத சிங்கங்கள் என்று இருவரையும் புகழ்ந்தார்கள். சமரசம் சமரசம் என்று சொல்லியே அந்த இருவரின் தொண்டை வறண்டதை அறிந்த கடைக்காரர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். அப்போது பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மச்சான்!

“நான் இந்த ஆபீஸுக்கு எதிராளி. இடி சார் என்னைக் கூண்டுல ஏத்தி நாள் முழுக்கக் குறுக்கு விசாரணை பண்ணாரு. தண்ணி யாரு தூக்குறது, எத்தனை நடை, முதுகு வலிக்குமான்னு கேட்டாரு. என்னை அவ்ளோ அக்கறையா யாருமே விசாரிச்சதில்லைங்க.”

பக்கத்திலிருந்த அவர் மனைவி முறைத்தாள். கூட்டம் சிரித்தது. கடைக்காரரால் தாங்க முடியவில்லை.

“ஃபீஸ் கொடுத்தது நான், அக்கறை இவனுக்கா? என்னை ஒரு கேள்வி கேட்டிருப்பாரா? பேசித் தீர்த்துக்கோ, பேசித் தீர்த்துக்கோன்னு ஒரே பாட்டு!”

“தீர்த்திருக்கலாமே மச்சான்?”

“நீ உக்காருய்யா!”

வக்கீலம்மா இருவரையும் உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தங்கையும் பின்னாலேயே வந்தாள்.

“அந்த இடத்தை நீங்களே வெச்சுக்கோங்க, மச்சான்,” என்றார் எதிராளி.

கடைக்காரருக்கு ரோஷம் வந்தது. “என் இடத்தை எனக்குக் கொடுக்க நீ யாரு?”

“சரி மாமா, அவர் கொடுக்க வேணாம். உங்க இடம்தானே? நீங்க கொடுங்க,” என்றாள் வக்கீலம்மா.

கடைக்காரர் மாட்டிக்கொண்டார். என்னுடையது இல்லை என்று இப்போது சொல்ல முடியுமா? வாசலில் தங்கை சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள்.

“எழுதும்மா. என் தங்கச்சிக்கு.”

மச்சான் திகைத்தார். “அப்ப நான் டிரம் வைக்கணும்னா இவகிட்ட கேக்கணுமா?”

“தரலேன்னா கேஸ் போடு,” என்றார் கடைக்காரர், வெகுகாலத்துக்குப் பிறகு மச்சான் முகத்தைப் பார்த்து. “ஆனா இந்த ஆபீஸ் பக்கம் வந்துடாதே. நாங்க அவ கட்சி.”